நாலாவது நாற்காலி

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் அஸ்கரியின் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னோடு ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிடாமல் விடமாட்டேன் என்று பாஞ்சாலி சொல்லிவிட்டுப் போனாளே, அது நடந்து ஆறு நாள் ஆகிவிட்டது. சாப்பிட வேண்டிய இடத்தையும் பாஞ்சாலியே சொல்லியிருந்தாள். அதியமான்கோட்டையில், பெங்களூர் ரோட்டின் மேல் இருக்கும் குல்ஷன் ரெஸ்டாரண்ட். அது அஸ்கரியின் கணவன் கவுஸ் பாஷாவின் ஓட்டல்.

கணவன் ஒப்புக்கொள்ள மாட்டான் என்றுதான் அஸ்கரி நினைத்தாள். அவனோ உடனே தலையாட்டினான். உன்னோடு டீச்சர் டிரெயினிங் படித்தவர்கள், எத்தனை பேர் வந்தாலும் கூட்டிக்கொண்டு வா, ஃபேமிலி ரூமை ஒழித்து வைக்கிறேன் என்றான். ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. அது என்ன என்று அவன் சொல்லவே தேவையிருக்கவில்லை.

குல்ஷனில் யார் சமைக்கிறார்கள் என்பது நாலே பேருக்குத்தான் தெரியும். அஸ்கரி, கவுஸ் பாஷா, அவனுடைய அம்மா ஜான் பீ, அப்புறம் தீர்த்தகிரி.

வாசல் போர்டில் 'பெங்களூர் மாஸ்டர் கைப்பக்குவம்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அந்த மாஸ்டர் தீர்த்தகிரிதான். அவன் பெங்களூரில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவன் இல்லை. தொப்பூர் கணவாய்க்குக் கீழே லாரிக்காரர்கள் சாப்பிடும் கடை ஒன்றில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவனைக் கூட்டிவந்து வெள்ளைத் தொப்பி மாட்டி நிறுத்தியிருந்தான் கவுஸ் பாஷா. நிஜமான அடுப்பு, ஓட்டலின் பின்சுவரை ஒட்டியிருந்த வீட்டுக்குள் எரிந்தது. வீட்டுச் சமையலறைக்கும் ஓட்டல் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவு. அண்டாக்களைக் கதவருகே இறக்கிவைத்துவிட்டு அஸ்கரி உள்ளே போய்விட வேண்டும். அப்புறம் தீர்த்தகிரி வந்து எடுத்துக்கொண்டு போவான். பதினாலு மாதத்தில் அந்தக் கதவை அவள் ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை.

சாமை அரிசியில் பிரியாணி போட்டுப் பார்த்தது அவள். ராகி சேமியாவை அவித்து, கைமாவும் குடைமிளகாயும் சோயா சாஸும் சேர்த்துக் கிளறி அதற்கு நூடுல்ஸ் என்று பெயர் வைத்தது அவள். ஒகேனக்கல் மீனை முள்ளெடுத்து மஞ்சூரியன் செய்ததும் அவள்தான். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் போகிற கார்கள் இதற்காகவே நின்றன.

ஆரம்பத்தில் அவளும் சம்மதித்துத்தான் இதைச் செய்தாள். துணிக்கடை வைத்து மூடி, லாரி புக்கிங் ஆபீஸ் வைத்து மூடி, மூன்றாவதாக இதில் இறங்கியபோது கவுஸ் பாஷா அவளிடம் கண் கலங்கினான். வீட்டுப் பெண் சமைத்ததை ரோட்டில் போகிறவர்கள் தின்கிறார்கள் என்று ஜமாத்தில் பேசுவார்கள் என்றான். பெங்களூர் மாஸ்டர் என்றால்தான் கார்க்காரன் நிறுத்துவான் என்றும் சொன்னான். பாவம் என்று நினைத்து அவள் சரி என்றாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு.

அன்றைக்குத் திங்கட்கிழமை. காலாண்டு லீவு என்பதால் பாஞ்சாலிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கூடப் படித்து இப்போது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கும் ராஜாமணியையும் இழுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அஸ்கரி பதினோரு மணிக்கெல்லாம் அண்டாக்களை இறக்கிவைத்துவிட்டுக் குளித்தாள். சோப்பை இரண்டு தடவை போட்டுத் தேய்த்தும் விரல்களிலிருந்து பூண்டு வாசனை போகவில்லை. புர்காவைப் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகச் சந்தில் இறங்கி, புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு, ரோட்டுக்கு வந்து, ஓட்டலின் முன்வாசல் வழியாக விருந்தாளி போல நுழைந்தாள். அப்படித்தான் கவுஸ் பாஷா வரச்சொல்லியிருந்தான்.

முன்வாசல் வழியாக அவள் உள்ளே வருவது, திறப்பு விழாவையும் சேர்த்து, இது இரண்டாவது தடவை. சின்ன இடம்தான். வெளியே ஆறு மேஜை. உள்ளே மரத்தட்டி அடைத்து ஒரு ஃபேமிலி ரூம். வாசலில் பூப்போட்ட திரை, மேலே சிவப்பு பல்பு, சுவரில் தால் ஏரிப் படகு போட்ட காலண்டர். மேஜையைச் சுற்றி நாலு நாற்காலி. பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்ததும் நாலாவதை இழுத்துப் போட்டுக்கொண்டு கவுஸ் பாஷா உட்கார்ந்தான்.

"டீச்சரம்மாங்க வந்தது எங்களுக்குப் பெருமைங்க. மெனுவே பாக்கவேணாம். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வரச் சொல்லியிருக்கறன்" என்றான்.

பாஞ்சாலி பெரிய வாய்க்காரி. பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது மூன்றையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிற கதையைச் சொன்னாள். மழை பெய்தால் ஒன்றாவதுப் பிள்ளைகள் மூன்றாவதுப் பிள்ளைகளின் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். அஸ்கரி எட்டு வருஷத்துக்கு முந்தைய சிரிப்பைச் சிரித்தாள். ராஜாமணி மட்டும் அளவாகப் பேசினாள். அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அஸ்கரி கேட்டதற்கு, அரை நாள் லீவுதான் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

பீங்கான் தட்டில் சாப்பாடு வந்தது. தன் கையால் கிளறியதைத் தட்டில் வைத்துத் தனக்கே ஒருவர் பரிமாறுவது அஸ்கரிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நூடுல்ஸில் உப்பு ஒரு சிட்டிகை குறைச்சல். அதைச் சொல்லக் கூடாது.

பாஞ்சாலி சாமை பிரியாணியை ஒரு வாய் வைத்துவிட்டு உடனே இன்னொரு வாய் எடுத்தாள். அப்புறம், சாமையை எங்கள் வீட்டில் எப்படி வடித்தாலும் குழைந்துபோகிறது, இங்கே எப்படி உதிரி உதிரியாக நிற்கிறது என்று கேட்டாள். மாஸ்டரைக் கூப்பிடுங்கள், நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

கவுஸ் பாஷா சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். முடியவில்லை. தீர்த்தகிரி வந்தான். வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, திரைக்கு ஒரு அடி உள்ளே நின்றான். பாஞ்சாலி கேட்ட கேள்விக்கு அவன் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கடைசியில் தெரியாமல் அஸ்கரியைப் பார்த்துவிட்டான்.

"அது கைப்பழக்கம்ங்க."

"கைப்பழக்கம்னா, தண்ணி எவ்ளோ வெக்கறீங்க?"

தீர்த்தகிரியின் நெற்றியில் வேர்வை அரும்பியது. அந்த மனுஷன் நிற்கிற நிலையைப் பார்க்கப் பொறுக்காமல் அஸ்கரிக்கு வாய் முந்திக்கொண்டது.

"கழுவின சாமைய நெய்யில வறுத்துட்டு அப்புறந்தான் தண்ணி ஊத்தணும். ஒண்ணுக்கு ரெண்டு ஊத்தக்கூடாது. கொஞ்சம் கொறச்சலா" என்றாள்.

கவுஸ் பாஷா அட்டகாசமாகச் சிரித்தான். இவள் மாஸ்டரைக் கேட்டுக் கேட்டு வீட்டிலும் செய்து பார்க்கிறாள், ஆனால் இந்த ருசி வருவதில்லை என்றான். தீர்த்தகிரி கும்பிட்டுவிட்டுப் போனான். பாஞ்சாலி அஸ்கரியை ஒரு பார்வை பார்த்தாள். மறுபடி தட்டுக்குத் திரும்பினாள்.

அந்தச் சமயம் வெளியே மைசூர் வேன் ஒன்று வந்து நின்றது. இருபது பேருக்கு இடம் கேட்கிறார்கள் என்று சர்வர் வந்து சொன்னான். கவுஸ் பாஷா எழுந்து போனான்.

திரை ஆடி நின்றதும் ராஜாமணி கையைக் கழுவாமலே முன்னால் குனிந்தாள்.

"இத கேக்கத்தான் நான் லீவு போட்டுட்டு வந்தன். எதுக்கு விருப்பமில்லைன்னு எழுதிக் குடுத்த?"

அஸ்கரிக்குப் புரியவில்லை. எதற்கு விருப்பமில்லை என்றுதான் திருப்பிக் கேட்டாள். ராஜாமணி விளக்கினாள். செகண்டரி கிரேடு டீச்சர் வேலைக்கு அஸ்கரியின் பதிவு வரிசை வந்துவிட்டது. வியாழக்கிழமை இன்டர்வியூ. கார்டு அனுப்பிப் பதினெட்டு நாள் ஆகிறது. போன வாரம் அதற்குப் பதில் வந்திருக்கிறது. குடும்பச் சூழ்நிலை காரணமாக எனக்கு இந்த வேலையில் விருப்பமில்லை என்று, கீழே கையெழுத்தோடு.

எழுபத்தெட்டில் பதிந்த பதிவு அது. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறக்காமல் புதுப்பித்து வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு அடுத்த மாதம் புதுப்பித்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு வரிசையில் நின்று புதுப்பித்திருக்கிறாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை; பதிவு தங்கியது.

ராஜாமணி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"லெட்டர்ல 'க. அஸ்கரி பேகம்'னு இருக்குது. நீ எப்பவும் உங்கப்பா மஸ்தான் பேரத்தான் போடுவ, 'ம'ன்னு. எங்க ரெஜிஸ்டர்லயும் அப்படித்தான் இருக்குது. எனக்கு சந்தேகம் வந்து அத இன்னும் மேல வெக்காம வெச்சிருக்கறன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு லிஸ்டு போவுது. அதுக்கு மேல என்னால புடிச்சு வெக்க முடியாது."

மனசு மாறிவிட்டது என்று இப்போது எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள். அந்தக் கடிதம் நான் எழுதியதில்லை என்று நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் பெயர் நிற்குமாம். இல்லையென்றால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும். அப்புறம் இன்னொரு எட்டு வருஷமோ, பத்து வருஷமோ.

யார் எழுதியிருப்பார்கள் என்று அஸ்கரி யோசிக்க வேண்டியதே இல்லை. ஆனால், நான் எழுதவில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் உன் பெயரில் கையெழுத்துப் போட்டது யார்?

அவள் தலையைக் குனிந்தாள். திரை தரையைத் தொடாது. ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் பழுப்பு நிறத் தோல் செருப்பு இரண்டு நின்றுகொண்டிருந்தன. எப்போது வந்து நின்றன என்று தெரியவில்லை. தோழிகள் இரண்டு பேரும் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"நீ எழுதினதா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றாள் ராஜாமணி.

செருப்பு அசையவில்லை.

"நாந்தான் எழுதினன்" என்றாள் அஸ்கரி. "கல்யாணம் ஆயிடுச்சில்ல. எழுத்த மாத்திக்கிட்டன்."

ராஜாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வாயால் சொன்ன பிறகு அவள் என்ன செய்ய முடியும். பாஞ்சாலி தண்ணீர் டம்ளரைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திரையை விலக்கிக்கொண்டு கவுஸ் பாஷா வந்தான். கையில் ஃப்ரூட் சாலட் கிண்ணங்கள். நாலாவது நாற்காலியில் உட்கார்ந்து, அவரவர்க்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்தான். அஸ்கரியின் கிண்ணத்தில் மட்டும் இரண்டு செர்ரிப்பழம் இருந்தது.

அவன் உற்சாகமாகப் பேசினான். ஓசூரில் பேக்டரிகள் வந்த பிறகு நல்ல ஓட்டலே இல்லையாம். மெயின் ரோட்டில் ஒரு கட்டடம் பார்த்திருக்கிறானாம். அந்தக் கட்டடத்துக்காரர் இன்றைக்கு ராத்திரி ஏழு மணிக்கு முப்பது பேரோடு இங்கே சாப்பிட வருகிறாராம். சாப்பாடு பிடித்துவிட்டால் தீபாவளிக்குள் ஓசூரில் இன்னொரு குல்ஷன். நாங்கள் குடும்பத்தோடு அங்கேயே போய்விடுவோம் என்றான்.

அஸ்கரிக்கு இது எதுவுமே தெரியாது. முப்பது பேர் வருவது உட்பட. ஃப்ரூட் சாலட்டை ஒரு ஸ்பூன் எடுத்தாள். ஒரு பக்கம் சுவர், எதிரில் தோழிகள், இன்னொரு பக்கம் அவன் நாற்காலி. அவன் எழுந்து வழிவிட்டால்தான் அவளால் வெளியே போக முடியும்.

இரண்டு மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். பஸ் வருகிறவரை வாசலில் நிற்க கவுஸ் பாஷா அனுமதித்தான். அவனும் கல்லாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பாஞ்சாலி அஸ்கரியின் கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலுக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்புகள் வரிசையாக இருந்தன.

"இந்தக் கைதானா புள்ள" என்று மட்டும் கேட்டாள். பாஞ்சாலி அந்தக் கையை மூடி விட்டாள்.

பஸ்ஸில் ஏறும்போது ராஜாமணி, யாரிடமோ பேசுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள். "அஞ்சு மணி வரைக்கும் நான் சீட்லதான் இருப்பன்."

புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக அஸ்கரி வீட்டுக்குள் வந்தாள். பின்னாலேயே கவுஸ் பாஷா வந்துவிட்டான். சண்டைக்கு அவள் தயாராக இருந்தாள். அவன் சண்டை போடவில்லை. அவள் முன்னால் வந்து நின்று, நன்றி சொன்னான்.

"நாலு பேரு முன்னால என்னய விட்டுக் குடுக்காம காப்பாத்திட்ட. இத நான் உசுரு இருக்கறவரைக்கும் மறக்கமாட்டன்."

அவன் திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது அவளுக்கு. கார்டு எங்கே என்று கேட்டாள். கிழித்துவிட்டேன் என்றான். பொய் சொல்லவில்லை. உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு, நீ வேலைக்குப் போய்விட்டால் மறுநாளே இந்த ஓட்டலைப் பூட்ட வேண்டியதுதான், தீர்த்தகிரிக்கு வெங்காயம் வதக்கக்கூடப் பதம் தெரியாது என்றான். ஓசூர் ஓட்டலுக்கு உன் பெயரையே வைக்கிறேன், 'அஸ்கரி' என்று பெரிசாக லைட் போட்டு எழுதுகிறேன் என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ போறன்னு சொல்லியிருப்ப."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதிலேயே உண்மையான வார்த்தை இதுதான் என்று தோன்றியது.

ராத்திரிக்கு வேண்டிய கறியும் கோழியும் வாங்க அவன் ஸ்கூட்டரில் தர்மபுரிக்குக் கிளம்பினான். மசாலாவை அரைத்து வைத்துவிடு, நாலரைக்கு வந்துவிடுவேன் என்றான். போகும்போது கொல்லைப்புறத்தில் தன் அம்மாவிடம் ஏதோ சொன்னான். கதவுக்குப் பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

ஜான் பீ சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே வந்தாள். வாழ்க்கையில் மருமகளிடம் அதட்டிப் பேசியவள் இல்லை. அன்றைக்கும் அதட்டவில்லை. போஸ்ட்மேனிடம் கார்டை வாங்கியது நான்தான் என்று தானாகவே சொன்னாள்.

"மகன் கையில குடுத்தன். அவன் கிழிக்கறத பாத்துக்கிட்டுதான் இருந்தன். உனக்கு செஞ்சது பாவம்தான். ஆனா மூணாவது தடவையும் அவன் தலைகுனிஞ்சு வூட்டுக்குள்ள உக்காந்தா நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. சாவி மட்டும் கேக்காத."

அஸ்கரி கேட்கவில்லை. இஞ்சியைத் தோல் சீவினாள். பூண்டை உரித்தாள். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்றே கால். அப்புறம் மூன்றரை. ராஜாமணியின் மேஜையை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த மேஜை மேல் ஒரு காகிதமும் அதில் தன் பெயரும், தன்னுடையதல்லாத ஒரு எழுத்தும் கண்ணுக்குள் நின்றன. குழவியை எத்தனை தடவை உருட்டினாலும் அந்த 'க' நசுங்கவில்லை.

நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. எழுந்து கையைக் கழுவினாள். புர்காவை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அரைத்த மசாலாவைத் தட்டு போட்டு மூடினாள். ஜான் பீ கொல்லைக் கதவருகே போய் நின்றுகொண்டாள். அஸ்கரி அந்தப் பக்கம் போகவில்லை. சமையலறைக்குள் போய், அண்டாக்கள் போகிற கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"அந்தப் பக்கம் ஆம்பளைங்க இருக்காங்கம்மா" என்றாள் ஜான் பீ.

"தெரியும் மாமி."

ஓட்டல் சமையலறையில் தீர்த்தகிரி பரோட்டாக் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தான். சர்வர் இரண்டு பேர் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்து முதலாளியின் மனைவி வந்து நிற்பதைப் பார்த்ததும் மூன்று பேர் கையும் நின்றுவிட்டது. சர்வர்களின் பார்வை அவள் பின்னால் போனது. திறந்த கதவு வழியாக வீட்டு அடுப்பும், அதன் மேல் கவிழ்த்திருந்த பெரிய அண்டாக்களும், பிரியாணிக் கரண்டிகளும் தெரிந்தன. தீர்த்தகிரி தொப்பியை எடுத்து மேடை மேல் வைத்தான். சுமை ஒன்றை இறக்கிவைத்தவனைப் போல மூச்சு விட்டான்.

"ராத்திரிக்கு முப்பது பேருங்கக்கா" என்றான் மெதுவாக.

மசாலா அரைத்து மூடி வைத்திருக்கிறேன் என்று அவள் சொன்னாள். திரும்பி வந்தால் செய்கிறேன் என்றும் சொன்னாள். அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

வெளியே ஆறு மேஜையில் நாலில் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவே நடந்து வாசலைத் தாண்டினாள். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்தாள்.

பஸ் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். சேலம் பக்கத்திலிருந்து ஒரு வண்டியும் காணோம். தொப்பூர் இறக்கத்தில் லாரி ஒன்று குடை சாய்ந்து கிடக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு எதுவும் வராது என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். தர்மபுரிக்கு ஏழு கிலோமீட்டர். நடந்தால் ஆறு மணியாகும். எதிர்த்திசையில் போகிற லாரிகள் மட்டும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. அஸ்கரி ரோட்டோரத்தில் நின்றாள். திரும்பிப் போகவும் முடியாது, முன்னால் போகவும் முடியாது.

நாலு இருபதுக்கு ஸ்கூட்டர் வந்தது. முன்னால் கறிப்பை தொங்கியது. அவளைப் பார்த்ததும் கவுஸ் பாஷா பிரேக்கை அழுத்தி நின்றான். கொல்லை வழியாக வந்திருக்க முடியாது என்று அவனுக்குப் புரிந்திருக்கும். ஓட்டல் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அங்கே சர்வர்கள் இரண்டு பேரும் வந்து நின்றிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தீர்த்தகிரி, வெறுந்தலையோடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலரும் எட்டிப் பார்த்தார்கள்.

"வூட்டுக்குப் போ. எதுன்னாலும் ராத்திரி பேசிக்கலாம்" என்றான் உதடு பிரியாமல்.

"அஞ்சு மணிக்கு மேல பேசறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க."

அவன் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கறிப்பையைக் கழற்றி எடுத்துப் போய் சர்வர் கையில் கொடுத்தாள். திரும்பி வந்து ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மத்தியானம் அவனுடைய நாற்காலி அவளை அடைத்துக்கொண்டிருந்தது. இப்போது அத்தனை பேர் பார்க்கிற இடத்தில், மனைவி ஏறி உட்கார்ந்த ஸ்கூட்டரை விட்டு இறங்க அவனாலும் முடியவில்லை.

"பஸ் இல்ல. நீங்களே கொண்டுபோய் விடுங்க. எல்லாரும் பாக்கறாங்க, ஓட்டுங்க."

அவன் வெகுநேரம் கிக்கரை மிதிக்கவில்லை. பிறகு மிதித்தான். எங்கே திருப்பப் போகிறான் என்று அவள் பார்த்தாள். ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைத் தர்மபுரிப் பக்கம் திருப்பினான்.

ரயில்வே கேட் திறந்திருந்தது. அதைத் தாண்டிய பிறகு அஸ்கரி அவன் தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை.

"உள்ள போனதும் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க. அந்தக் கையெழுத்து யாரோடதுன்னு. மத்தியானம் உங்களுக்காக ஒரு பொய் சொன்னன். இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாதுங்க. நான் என்ன சொல்லட்டும்?"

அவன் முதுகு விறைத்தது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. காற்றில் அவன் சட்டை படபடத்தது.

அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் நின்றபோது உள்ளே கடிகாரம் நாலு முக்கால் காட்டியது. ஜன்னல் வழியாக ராஜாமணியின் பச்சைப் புடவை தெரிந்தது. அவள் ஒரு ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அஸ்கரி இறங்கினாள். படியை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பாள். பின்னால் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றுகிற சத்தம் கேட்டது.

திரும்பினாள். கவுஸ் பாஷா சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நில்லு" என்றான். "நானும் உள்ள வர்றன்."

ஐந்து வருஷமாகப் பார்த்த முகம்தான். உண்மையைச் சொல்ல வருகிறானா, அவள் வாயை அடைக்க வருகிறானா என்று அந்த முகத்தைப் பார்த்து அஸ்கரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்பதற்கும் நேரமில்லை. முன்னால் நடந்தாள். அவன் செருப்புச் சத்தம் ஒரு படி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.